தும்மிய ஆடு

அன்புள்ள உங்களுக்கு,

நாம் பேசாத இந்த எட்டு மாதத்தில் தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டேன். கயத்தாற்றில் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் ஜெயகிருஷ்ணன் அண்ணாச்சிக்குச் செல்போனில் விளம்பர வீடியோ எடுத்துப் போடுகிறேன்.

"என்னம்மா படிச்சிருக்க?" என்று முதலில் கேட்டார்.

"பத்தாவது ஃபெயில் அண்ணாச்சி. ஆனா உங்க வீடியோவ ஜனங்க எங்கன நிறுத்துதாங்கன்னு தெரியும்."

அவர் பேச ஆரம்பித்ததுமே எல்லோரும் போய்விடுகிறார்கள். நான் ஓர் ஆடு தும்முவதை முதலில் வைத்து, விவரத்தை என் குரலில் சொன்னேன். ஒரே வாரத்தில் எல்லா ஆடும் விற்றது, வேலையும் கிடைத்தது. தும்மலை ஏன் நின்று பார்க்கிறார்கள் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.

எந்த ஊரில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று போன் காட்டும். நீங்கள் இருக்கும் மஸ்கட்டில் ஒரே ஒருவர் ஒவ்வொரு வீடியோவையும் பார்க்கிறார். அங்கே யாருக்குக் கயத்தாற்று ஆடு வேண்டும்?

என் நம்பர் மாறவில்லை.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி