நாலாம் அத்தியாயத்து அலை

நவ. 9, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். கணவருடைய நண்பர் வீட்டுக் காதுகுத்துக்காகத் தாமல் கிராமத்துக்குப் போனோம். ஏரி நிறைந்திருக்கிறது. மதகைத் தூக்கியதும் வாய்க்காலில் ஒரே ஒரு நீர்மேடு, உருக்குலையாமல் நகர்ந்து போயிற்று. ஆறு வருடமாக நான் தாளில் துரத்தும் தனியலை. பந்தியை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே நடந்தேன்.

"இன்னாமா, தண்ணிய பாத்துக்கினு நிக்கிற? அங்க எல்லாரும் உன்னத்தான் கேக்குறாங்க" என்றார் கணவர்.

வெள்ளிக்கிழமை என் கணித ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கடைசி நாள். நீட்டிப்பெல்லாம் முடிந்துவிட்டது.

நவ. 10, திங்கள்
கல்லூரியில் தேர்வு மேற்பார்வை. கை சும்மா இருக்கவில்லை. மீந்த விடைத்தாளில் ஒரு சின்னக் கணக்கு: t-ஐ அரை வரிசையில் வகையிடுவது, அதாவது ஒரு முறைக்குப் பதில் அரை முறை. நேர் வழியில் 1.128√t. அதையே √t-இன் வர்க்கமாக எடுத்து, நாலாம் அத்தியாயம் முழுக்க நான் நம்பிய சங்கிலி விதியைப் போட்டால் 1.772√t.

இரண்டும் ஒன்றாக வர வேண்டும். மூன்று முறை போட்டேன். வரவில்லை. வரிசை ஒன்று என்று வைத்தால் மட்டும் ஒத்துப்போகிறது. இத்தனை நாள் நான் சரிபார்த்தது அந்த ஒன்றை மட்டும்தான். மடச்சி.

நவ. 11, செவ்வாய்
மழை. சோறு அடிபிடித்தது.
பார்க்க: பக். 61, 64, 70 முதல் 88 வரை. (அத்தனையும் அந்த விதிதான்.) கேஸ் புக் பண்ண. குடைக் கம்பி.

சென்னைக்கு, வழிகாட்டி சாருக்குப் போன். "எல்லாரும் அப்படித்தாம்மா போடறாங்க. ஒண்ணுன்னு வெச்சா சரியா வருதில்ல? பைண்டிங்குக்குக் குடுத்துடு." சரி சார் என்று வைத்துவிட்டேன். ஏன் சரி என்றேன்?

நவ. 12, புதன்
முகூர்த்த சீசன். அவர் பட்டுக்கடையிலிருந்து களைத்து வந்தார். சொன்னேன்.
"யாராச்சும் கண்டுபுடிப்பாங்களா?"
"தெரியாது."
"அப்புறம் இன்னாத்துக்குமா..." பாதியில் நிறுத்திக்கொண்டார். "நீ கண்டுபுடிச்சிட்டியே."
அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. பைண்டிங் கடைக்காரர் இரண்டு முறை மிஸ்டு கால்.

நவ. 14, வெள்ளி
சென்னைக்கு முதல் பஸ். உட்கார இடமில்லை. பையில், நேற்று பைண்ட் ஆகி வந்த ஐந்து பிரதிகள், தங்க எழுத்தில் என் பெயர்.

சார் பேனாவைத் திறந்தார். கையெழுத்து வேண்டாம் சார் என்றேன். நாலாம் அத்தியாயம் தப்பு. கெடு போனால் போகட்டும், இதை என்னால் கொடுக்க முடியாது.

கத்துவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்தச் சொன்னார். ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

"அந்தக் கணக்கப் போட்டுக் காட்டும்மா. நான் வெளியிட்ட நாலு பேப்பர்லயும் இதே விதிதான் இருக்கு."