சாம்பல் நிற ஃப்ரேமும் என் சந்தேகமும்

நேற்று மதியம் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண் நகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பஞ்சில் நனைத்த திரவத்தின் நெடி மூக்கில் ஏறியதும் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். நீங்கள் வந்து நிற்பதாகவே ஒரு நொடி தோன்றிவிட்டது. நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. மூக்குக்கு அதெல்லாம் தெரியவில்லை.

சூலூர் பக்கத்தில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் பம்பு உதிரிகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து நேராக என்னைப் பார்க்க வரும்போது அந்த நெடி உங்கள் துப்பட்டாவிலேயே இருக்கும். அது என்ன வாசம் என்று முதல்முறை நான் கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "சிவப்பு மருந்தை அடிச்சு, தொடச்சுப்போட்டு, மேல வெள்ளைய அடிப்பேனுங்க. வெடிப்பு இருந்துச்சுன்னா உள்ள ஒளிஞ்சிருக்கற சிவப்பு கோடாட்ட வெளிய வந்துரும். இரும்புக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க அம்மணி."

ஆறு வருடப் பழக்கத்திலும் நாம் இருவரும் 'நீங்க'வை விட்டு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் பெண்கள் நாம் மூன்று பேர்தான். உங்கள் வீட்டில் தெலுங்கு, என் வீட்டில் தமிழ், சாலையில் இருவருக்கும் மூச்சிரைப்பு. அதற்குமேல் நெருங்க என்ன வேண்டும்?

இந்தக் கதை என் காறை எலும்பு உடைந்த நாளில் தொடங்குகிறது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மண்பாதையில், உரிமையாளரிடம் அனுமதி வாங்கி ஏறியிருந்தோம். இறங்கும்போது என் முன்சக்கரம் மழைநீர் அரித்த ஒரு பள்ளத்துக்குள் விழுந்தது. அதிர்வைத் தாங்கும் முன்பக்க ஷாக் முழுக்க அமுங்கி, அதற்குமேல் அமுங்க இடமில்லாமல் என்னைத் தூக்கி எறிந்தது. நீங்கள் துப்பட்டாவால் என் கையை மார்போடு சேர்த்துக் கட்டி, இலை ஏற்ற வந்த ஜீப்பை மறித்து என்னை ஏற்றினீர்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு, "விழுந்தது நீங்க இல்லீங்க. வண்டி. நூறு மில்லிமீட்டர் ஆடற வண்டியில அந்தப் பாதையில எறங்குனா அப்பிடித்தான்" என்றீர்கள்.

அன்றிலிருந்து நமக்கு ஒரே பேச்சு. முன்னும் பின்னும் நூற்றறுபது மில்லிமீட்டர் அளவுக்குச் சக்கரம் மேலும் கீழும் போய்வர இடம் தரும் ஃப்ரேம். பாறையில் இறங்கினாலும் தூக்கி எறியாத ஃப்ரேம். ஆனால் நம்மை மேலே கொண்டுபோக வேன் கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து மிதித்துத்தான் ஏற வேண்டும். இறங்குவதற்கென்றே செய்த ஃப்ரேம்கள் ஏறும்போது சண்டித்தனம் செய்யும்: மிதிக்கிற பலத்தை எல்லாம் பின்பக்க ஷாக் குடித்துவிடும், முன்சக்கரம் தரையில் நிற்காமல் அலையும்.

பேக்கரியில் தேங்காய் பன்னை நடுவில் வைத்துக்கொண்டு போனில் அளவு அட்டவணைகளைப் பார்ப்போம். நான் இறக்கத்தை மட்டும் பார்த்தேன். எனக்குப் பயம். நீங்கள் எதையும் நம்பவில்லை. "படத்துல எல்லாமே ஏறுது, எல்லாமே எறங்குது. மூணு மணி நேரம் ஏறோணும், அரை மணி நேரம் எறங்கோணும். நீங்க எதுக்குங்க வாங்கறீங்க?" சீட்டுக் குழாய் எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பீர்கள். அது நிமிர்ந்திருந்தால் உடம்பு பெடலுக்கு நேர் மேலே வரும், ஏற்றத்தில் பின்னால் சரியாது என்பீர்கள். கார்பன் ஃப்ரேம் என்றால் உதட்டைப் பிதுக்குவீர்கள். "அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு என்ற மருந்துக்குத் தெரியாதுங்க." அப்படி ஒரு வண்டி உங்களுக்கும் வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தீர்கள். அது என் மனதில் ஒரு ஓரமாகப் பதிந்திருந்தது.

பிறகு அந்தச் சாம்பல் நிற ஃப்ரேம் வந்தது. கனடா போகிற ஒருவர் விற்பதாகக் குழுவில் செய்தி போட்டிருந்தார். அலுமினியம், நூற்றறுபது மில்லிமீட்டர், நாம் தேடிய அதே கோணங்கள். அவர் குடியிருப்புக்கு இருவரும் போனோம். பால்கனியில் ஒரு பழைய போர்வைமேல் கிடந்தது. எனக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. நீங்கள் முட்டிபோட்டு உட்கார்ந்து விரல் நகத்தால் வெல்டிங்குகளை ஒவ்வொன்றாகத் தடவினீர்கள். பின்பக்க ஷாக் வந்து சேரும் இடத்தில் விரல் நின்றது.

"ஒரு தடவகூட கீழ போட்டதில்லைங்க" என்றார் அவர்.

"அப்பறம் ஏனுங்க இந்த எடத்துல மட்டும் பெயின்ட் புதுசா இருக்குது?"

"சின்னக் கல்லு பட்டுச்சு. டச்சப் பண்ணினேன்."

"கொஞ்சூண்டு சொரண்டிப் பாக்கட்டுங்களா?"

அவர் முகம் மாறிவிட்டது. "வாங்கீட்டு என்ன வேணா பண்ணிக்குங்க. என் ஊட்டுல வெச்சு வேண்டாங்க."

படியிறங்கும்போது என் கையைப் பிடித்து, "வேண்டாங்க அம்மணி. எனக்குச் சமாதானமா இல்லீங்க" என்றீர்கள். நான் உங்களிடம் கோபப்பட்டேன். ஊரில் இருக்கிற எல்லாவற்றையும் நீங்கள் இப்படியேதான் வேண்டாம் என்பீர்கள், கடைசியில் நான் பழைய வண்டியிலேயே விழுந்து சாக வேண்டும் என்றேன்.

மூன்று வாரம் அந்த ஃப்ரேம் என் கண்ணிலேயே நின்றது. கடைசியில் உங்களிடம் சொல்லாமல் அவருக்குப் போன் செய்தேன். "அன்னைக்கு உங்ககூட வந்த மேடம்தான் வாங்கீட்டுப் போனாங்களே. பத்து நாள் ஆச்சுங்க" என்றார்.

போனை வைத்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். பால்கனியில் விரல் நின்றது நடிப்பு. பெயின்ட் கதை நடிப்பு. என்னை விலக்கிவிட்டு நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

உங்களைக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. வேவு பார்த்தேன். ஞாயிறு அன்று பழைய வண்டியிலேயே வந்தீர்கள். பார், மறைக்கிறார் என்றது மனம். அந்த ஃப்ரேமுக்குப் பொருந்துகிற ஷாக்குக்கு ரப்பர் வளையங்கள் கிடைக்குமா என்று நீங்கள் கடையில் விசாரித்ததாகக் காதில் விழுந்தது. ரகசியமாக வண்டி கட்டுகிறார் என்றது மனம். "ஏனுங்க, ஒரு மாதிரி இருக்கறீங்க?" என்று நீங்கள் கேட்டபோது, வேலை அதிகம் என்றேன். அதற்கடுத்த ஞாயிறிலிருந்து நான் வரவில்லை. நீங்கள் இரண்டு முறை அழைத்தீர்கள், எடுக்கவில்லை. பிறகு ஒரு செய்தி வந்தது: "ஒருக்கா ஊட்டுக்கு வாங்க. ஒண்ணு காட்டோணும்." புது வண்டியைக் காட்டிப் பெருமையடிக்கக் கூப்பிடுகிறீர்கள் என்று முடிவு செய்தேன். நான் படித்துவிட்டேன் என்பதை அந்த இரட்டை நீலக் குறி உங்களுக்குச் சொல்லியிருக்கும். பதில் போடவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துக் குழுவில் வந்த செய்தியைப் பார்த்தபோது முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். டெங்கு. நாலு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் நீங்கள் இல்லை. சூலூருக்கு எப்படி வண்டி ஓட்டி வந்தேன் என்று நினைவில்லை. உங்கள் வீட்டு வாசலில் ஃபவுண்டரி ஆட்கள் சீருடையோடு நின்றிருந்தார்கள். அத்தனை பேர் நடுவிலும் என் கண் ஒரு நொடி அந்த ஃப்ரேமைத் தேடியது. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து உங்கள் வீட்டுக்காரர் போன் செய்தார். "உங்க சாமான் ஒண்ணு இங்க கெடக்குதுங்க. எடுத்துக்கறீங்களா?" என் சாமான் எதுவும் அங்கே இல்லையே என்று குழம்பிக்கொண்டே போனேன்.

பின்கட்டில் இரண்டு ஸ்டூலுக்கு மேல் கிடத்தி வைத்திருந்தீர்கள். சாம்பல் பெயின்ட் பெரும்பாலும் போய், வெல்டிங் இருக்கும் இடமெல்லாம் வெறும் அலுமினியம் பளபளத்தது. பக்கத்தில் உப்புத்தாளும் பழைய துணியும் மருந்து டப்பாக்களும்.

"உங்களுக்குன்னுதானுங்க வாங்கினா" என்றார் அவர். "சுரண்டிப் பாக்க அந்த ஆளு உடமாட்டேன்னுட்டான், அதான் நானே வாங்கிப்போட்டேன்னு சொன்னா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே."

"பாதியில அவ எதையுமே சொல்ல மாட்டாளுங்க. முழுசாப் பாத்து முடிச்ச பொறகுதான் வாயத் தொறப்பா. பொழப்பு அப்பிடி."

சீட்டுக் குழாயில் ஒட்டியிருந்த சின்னத் தாளை அப்போதுதான் பார்த்தேன். எல் சைஸ். நீங்கள் என் தோளுயரம் இருப்பீர்கள். இந்த ஃப்ரேமில் ஏறினால் உங்கள் கால் பெடலுக்கே எட்டாது. குழுவில் இது பொருந்துகிற ஒரே பெண் நான். அன்று பால்கனியில் இந்த எழுத்து என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. வாரக்கணக்கில் உங்களை வேவு பார்த்தவளுக்கு இது தோன்றவே இல்லை. உங்கள் வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் அழுது முடிக்கட்டும் என்று விட்டிருக்கிறார்.

ஃபவுண்டரியில் போடுவதுபோலவே மஞ்சள் பேனாவால் குறி போட்டிருந்தீர்கள். ஆறு வெல்டிங்கில் சரி என்று டிக். ஷாக் சேரும் அந்த ஒரு இடத்தில் மட்டும் வட்டம் போட்டுக் கேள்விக்குறி. ஆக, உங்கள் வேலை முடிந்திருக்கவில்லை.

உங்களோடு வேலை பார்த்த சண்முகத்தைத் தேடிப் பிடித்தேன். ஒரு ஞாயிறு காலை அவர் வீட்டுக் கொட்டகைக்கு ஃப்ரேமைக் கொண்டுபோனேன். அவர் முதலில் துணியை மருந்தில் நனைத்து அந்த இடத்தைத் துடைத்தார். உங்கள் கேள்விக்குறி கரைந்து துணியோடு போயிற்று. "ஐயோ" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். "சுத்தம் பண்ணாமப் பாக்க முடியாதுங்களே" என்றார் பரிதாபமாக.

சிவப்பை அடித்து, காத்திருந்து, துடைத்து, வெள்ளையை அடித்தார். இரண்டு நிமிடத்தில் வெள்ளையின் நடுவே மயிரிழைபோல ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. சண்முகம் நைஸ் உப்புத்தாளால் அந்த இடத்தை மெல்லத் தேய்த்து, மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். இந்த முறை கோடு வரவில்லை.

"மேல் கீறல்தானுங்க. வெடிப்பா இருந்தா தேச்சாலும் திரும்ப வரும்."

"இன்னொருக்கா பாருங்களேன்."

பார்த்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. நான் இன்னும் ஒருமுறை கேட்டேன். அவர் நிமிர்ந்து, "நீங்க மேடத்தையே மிஞ்சிருவீங்களாட்ட இருக்குதுங்க" என்றார். சிரிக்க முயன்றோம். இருவராலும் முடியவில்லை.

அந்த ஃப்ரேம்மேல் நீங்கள் பட்ட சந்தேகம் தவறு. உங்கள்மேல் நான் பட்ட சந்தேகமும் தவறு. ஆனால் நீங்கள் சந்தேகப்பட்டதும் அதைக் கையில் எடுத்து, சுரண்டி, மருந்தடித்து, கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் என் சந்தேகத்தை நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டேன். ஒரே ஒரு போன் போதும். "ஏனுங்க, அந்த ஃப்ரேம நீங்களா வாங்கினீங்க?" அவ்வளவுதான் கேட்க வேண்டியிருந்தது. அந்த மஞ்சள் பேனா உங்கள் கையில் இருக்கும்போதே நான் வந்து ஸ்டூலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.

வண்டியைக் கட்டி முடித்து, போன தை மாதம் மறுபடி குழுவோடு அதே தோட்டத்துப் பாதைக்குப் போனேன். நீங்கள் சொன்னபடியே அது ஏறியது. செங்குத்தான வளைவுகளிலும் முன்சக்கரம் தரையைவிட்டு எழவில்லை. இறக்கத்தில் நான் முன்பு விழுந்த பள்ளத்தை அந்தச் சக்கரங்கள் உணர்ந்ததாகவே தெரியவில்லை. ஆனாலும் மூன்று இடத்தில் நிறுத்தி, இறங்கி, குனிந்து அந்த வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தேன். இப்போதும் ஒவ்வொரு இறக்கத்திலும் அப்படித்தான் செய்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். போன வாரம் குழு கோத்தகிரி போய்வந்த படங்களைப் பார்த்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. பழைய மனம் உடனே வேலையைத் தொடங்கியது: யார் யாரிடம் என்ன சொல்லியிருப்பார்கள், எப்போதிலிருந்து இது நடக்கிறது. அரை நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். பிறகு நம் குழுவின் மூன்றாவது பெண் ரேவதிக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, என்னைய வேணும்னே உட்டுப்போட்டுப் போனீங்களா?"

"ஆமாங்க" என்றார் ரேவதி. "தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க எறங்கறப்ப நின்னு நின்னு வாரீங்க. எல்லாரும் கீழ காத்துட்டே நிக்கோணும். அதானுங்க."

வலித்தது. ஆனால் அவ்வளவுதான். அதற்குள்ளே வேறு எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறு நானும் வாரேன் என்றேன். எனக்காகக் காத்திருக்க வேண்டாம், முன்னாடி போங்க, நான் நின்று பார்த்துத்தான் இறங்குவேன் என்றும் சொன்னேன். "சரிங்க, வாங்க" என்றார்.