பானை வடிவத்தில் வேர்

இரண்டு தடவை சீயக்காய் போட்டுக் கழுவியும் விரல்களில் அந்த வாசனை போகவில்லை. எலுமிச்சை இலையின் வாசனை இல்லை இது. வேரை அறுக்கும்போது வருவது. பாதி எலுமிச்சை, பாதி நனைந்த மண், கூடவே ஒரு கசப்பு. அம்மா தூங்கிவிட்டாள். சமையலறைச் சிம்னி விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். கை மூக்கருகே வரும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. இன்று சாயந்திரம் உன் செடியின் வேரை நான் வெட்டிவிட்டேன்.

உன் பேரை எடுத்தாலே அம்மாவுக்கு ஆவதில்லை. நீ போனதிலிருந்து நான் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேனாம். "பயந்துக்கினு கீறா. இவகிட்ட அந்தப் பொண்ணு பேச்சை யாரும் எடுக்காதீங்க" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, மசூதியில் மந்திரித்த கயிறு ஒன்றை வாங்கிவந்து கட்டினாள். கயிறு மணிக்கட்டில் இருக்கிறது. உன்னைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை.

உனக்குத் தெரியாத செய்தி ஒன்று இருக்கிறது. எல்லை முடிவாகிவிட்டது. திருத்தணி மதராஸோடு சேர்கிறதாம், நம் சித்தூர் ஆந்திராவிலேயே இருக்கிறதாம். நைனா தாலுக்கா ஆபீசில் அந்தப் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கிவிட்டார். நாளன்றைக்கு நாங்கள் போகிறோம். நீ எங்கள் வீட்டில் விட்டுப்போன எலுமிச்சையை என்ன செய்வது என்ற பேச்சு அப்போதுதான் வந்தது. அம்மா கிணற்றடியில் போட்டுவிடச் சொன்னாள். நான் நீ தங்கிப் படித்த உன் மாமா வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் உங்கள் ஊர் கங்காதர நெல்லூருக்கு ஆள் அனுப்பினார். உன் அம்மா தானே வந்து கொண்டுபோய் உங்கள் கிணற்று மேட்டில் நடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். நீ தொட்டு வளர்த்ததில் உயிரோடு இருப்பது இது ஒன்றுதானாம்.

ஆனால் அது உயிரோடு இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இலையெல்லாம் மஞ்சள். ஊற்றுகிற தண்ணீர் ஊற்றிய வேகத்தில் அடி ஓட்டை வழியாக வெளியே வந்தது. பார்க்கிறவர்களெல்லாம் "தண்ணி ஊத்தும்மா, காயுது பாரு" என்றார்கள். உன் மாமா மட்டும் நேற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "பானைய ஒடைச்சி அப்படியே குழியில வெச்சிட்டா முடிஞ்சிது. வேரை மட்டும் யாரும் தொடாதீங்க" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அந்தப் புங்கங்கன்று ஞாபகம் வந்துவிட்டது.

நாம் நாலாவது படிக்கும்போது ஆந்திர ராஜ்ஜியம் வந்ததற்காகப் பள்ளியில் விழா நடந்தது. தோரணம், தெலுங்குப் பாட்டு, ஆளுக்கு இரண்டு பெப்பர்மிட்டு. பெரிய அதிகாரி ஒருவர் வந்து கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் கன்று நட்டார். அதைத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது "மண்ணு ஒடையக் கூடாது, வேரு அசையக் கூடாது" என்று வாத்தியார் பத்து தடவை சொன்னார். அப்படியேதான் வைத்தார்கள். நாம் முறை போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். அடுத்த கோடையில் அது குச்சியாகிவிட்டது. நீ ஒரு நாள் சும்மா பிடித்து இழுத்தாய். முழுசாகக் கையோடு வந்தது. ஒரு வருஷம் மண்ணுக்குள் இருந்தும் வேர் தொட்டியின் வடிவத்திலேயே உருண்டு கிடந்தது. நீ அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"இங்கப் பாருடி. தொட்டி போய் எத்தினி நாளாச்சி, இது இன்னும் உள்ளயே உக்காந்துக்கினு கீது. வெளிய வான்னு அதுக்கு யாருமே சொல்லல."

அதற்குப் பிறகு நீ சும்மா இருக்கவில்லை. உன் மாமா வீட்டுச் செவ்வந்தித் தொட்டியைக் கவிழ்த்து, சுற்றிக்கொண்டிருந்த வேரையெல்லாம் காய் நறுக்கும் கத்தியால் அறுத்தாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேரை அறுத்த கையோடு மேலே கிளைகளையும் கிள்ளி எறிந்தாய். அதை ஏன் கிள்ளுகிறாய் என்று கேட்டேன். "சோறு கம்மியா ஆயிட்டா பந்தியில ஆளைக் கொறைக்க வேணாமா?" என்றாய். அந்த வருஷம் அந்தச் செவ்வந்தி பூத்த மாதிரி நம் தெருவில் எதுவும் பூக்கவில்லை. உன் மாமா தன் கைராசி என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எலுமிச்சை அதற்குப் பிறகு வந்தது. திருப்பதிக்குப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போனபோது மலையேறுகிற பஸ்ஸில் மூன்றாவது வளைவிலேயே நீ வாந்தி எடுத்தாய். முன்சீட்டு அம்மாள் ஒருத்தி தான் மோந்துகொண்டிருந்த எலுமிச்சம்பழத்தைக் கடித்துப் பிளந்து பாதியை உன்னிடம் கொடுத்தாள். நீ மேலே போகும்வரை அதைச் சப்பிக்கொண்டே வந்தாய். கோயிலில் எல்லாரும் கையைக் கூப்பிக்கொண்டிருக்க, நீ பாவாடை நாடாவில் விதைகளை முடிந்துகொண்டிருந்தாய். "சாமிய வுட்டுட்டு இன்னாடி பண்றே?" என்று கேட்டேன். "பிரசாதம்" என்றாய். உன் அத்தை தூக்கிப்போட்ட தண்ணீர்ப் பானை ஒன்று, வாய் உடைந்தது, அதில்தான் விதையைப் போட்டாய். பெரிசானதும் ஊருக்குக் கொண்டுபோய் நடுவதாகச் சொன்னாய். ஒவ்வொரு லீவிலும் அடுத்த லீவு என்றாய்.

பிறகு உனக்கு அந்த ஜுரம் வந்தது. விட்டது. பிழைத்தால் முடி கொடுப்பதாக உன் அம்மா திருமலைக்கு வேண்டியிருந்தார்கள். பதினாலு வயசுப் பெண்ணுக்கு மொட்டையா என்று உன் அத்தைகூடச் சொல்லிப் பார்த்தாள். உன் அம்மா கேட்கவில்லை. இடுப்பைத் தாண்டிய அந்தச் சடை மலையில் போயிற்று. இறங்கி வரும்போது வெயில் படக் கூடாது என்று உன் அம்மா தன் முந்தானையை நனைத்து உன் தலையில் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் நான் முதலில் உன்னைப் பார்த்தது அப்படித்தான்.

திங்கட்கிழமை தாவணியால் முக்காடு போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தாய். பின்பெஞ்சில் ஒருத்தி முக்காட்டை இழுத்துவிட்டு, "இந்தத் தலையில தேங்கா ஒடைக்கலாமாடி?" என்றாள். வகுப்பே சிரித்தது. நீ திரும்பிப் பார்த்து, "ஒடைச்சிக்கோ. பாதி மூடி எனக்கு" என்றாய். அதற்கும் சிரித்தார்கள், ஆனால் இந்தத் தடவை அவளைப் பார்த்து. வீட்டுக்கு வரும் வழியில்தான் நீ அழுதாய். நான் உன் சந்தனம் காய்ந்த தலையைத் தடவிப் பார்த்தேன். முள்முள்ளாக இருந்தது.

"செவ்வந்தி வேரைக்கூட நான் இப்படித்தானடி வெட்டுனேன். வந்துதில்ல? இது வருமா?" என்று கேட்டாய்.

"வரும்" என்றேன்.

ஜுரம் திரும்பி வந்தபோது உன்னை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உன் கடைசி முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. உன் அம்மா பிறகு வந்தபோது வேறு எதையும் சொல்லாமல், "முடி வந்துக்கினு இருந்துச்சேம்மா, அரை விரலு வந்துடுச்சே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த எலுமிச்சையையும் அப்படியே குழியில் வைத்துவிடுவார்கள், அதுவும் புங்கங்கன்று மாதிரியே ஆகிவிடும் என்று நினைத்தேன். அம்மா உள்ளே பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தாள். நான் உலக்கையால் பானையைத் தட்டினேன். ஓடு உதிர்ந்தது, பானை மட்டும் அப்படியே நின்றது. மண் என்று ஒரு பிடிகூட இல்லை. வயிறு பெருத்து, கழுத்து ஒடுங்கி, வேராலேயே செய்த பானை. அடியில் பிரிமணை மாதிரி ஒரு வளையம் சுற்றிச் சுற்றித் தடித்திருந்தது. அரிசி கழுவிய தண்ணீரில் முதலில் ஊறவைத்தேன். நீ இருந்திருந்தால் பாட்டுப் பாடிக்கொண்டே செய்திருப்பாய். நான் பாட்டில்லாமலே கத்தியை எடுத்தேன். வளையத்தை அறுத்து எடுத்தேன். மேலிருந்து கீழாக நாலு பக்கமும் கீறினேன். பிறகு தலைக்குச் சிக்கெடுப்பது மாதிரி விரலை விட்டு ஒவ்வொரு இழையாகப் பிரித்தேன். உள்ளே நடுவில் வெள்ளையாக, பிஞ்சாகச் சில வேர்கள் இருந்தன. இலையில் பாதியைக் கிள்ளிப் போட்டேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது செடி என்று சொல்லும்படி எதுவும் மிச்சம் இல்லை. தரை முழுக்க வேர்.

நிமிர்ந்தால் உன் அம்மா நிற்கிறார்கள். காலையில் வருவதாகச் சொன்னவர்கள், மனசு கேட்காமல் சாயந்திர பஸ்ஸிலேயே வந்துவிட்டார்களாம். கையில் கத்தியோடு நான். பின்னாலேயே அம்மா ஓடிவந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். "பாவி, கொன்னுட்டியேடி. அவங்க புள்ள ஞாபகமா கேட்டாங்க, இப்படிப் பண்ணி வெச்சிக்கீறியே" என்றாள். புங்கங்கன்றைப் பற்றி, செவ்வந்தியைப் பற்றி எதுவும் சொல்ல வரவில்லை.

உன் அம்மா மெதுவாகக் கீழே உட்கார்ந்தார்கள். அறுத்த வேர் நுனிகளை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார்கள்.

"மொட்டை அடிச்சிட்டியா?" என்றார்கள்.

நான் தலையை ஆட்டினேன்.

"யார் சொல்லிக் குடுத்தது?"

"அவதான், அத்தே."

அவர்கள் முந்தானையை வாளியில் நனைத்து, தாறுமாறாகக் கிழித்து, வேரைச் சுற்றிக் கட்டினார்கள். வெயில் போன பிறகும் அதன்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்கள்.

"வருமாடி?"

"வரும் அத்தே" என்றேன்.

அதைச் சொன்னதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா அடித்தது வலிக்கவில்லை. இப்போதுகூட விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். துணி ஈரமாக இருக்கிறது. மிச்சமிருந்த இலைகள் தொங்கியிருக்கின்றன. செவ்வந்தியும் முதல் நாள் இப்படித்தான் தொங்கியது என்று நினைக்கிறேன். நன்றாக ஞாபகம் இல்லை. உனக்கு ஞாபகம் இருந்திருக்கும். இதைக் கேட்க இப்போது எனக்கு யாரும் இல்லை.

காலையில் அது கங்காதர நெல்லூருக்குப் போகிறது. நாளன்றைக்கு நான் வேறு திசையில் போகிறேன். துளிர்த்ததா இல்லையா என்று எனக்கு எழுத உன் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. துளிர்க்காவிட்டால் அவர்கள் யாரிடமும் எழுதச் சொல்லவும் மாட்டார்கள்.

அறுத்தெடுத்த அந்த வளையத்தை என் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நிமிர்த்திப் பார்த்தேன். கையை விட்டதும் மறுபடி சுருண்டு உன் பானையின் அளவுக்கே வந்து நிற்கிறது. திருத்தணிக்கு அதையும் கொண்டுபோகிறேன்.

வரும் என்று நான் இதுவரை இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். உனக்குச் சொன்னது அரை விரல் வந்தது.