அக்கி இல்லை

மார்ச் 4, செவ்வாய்

இரண்டு நாளாகக் காய்ச்சல். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. கம்பெனி ஒயரிங் லைனில் நின்று செக் பண்ணும்போது தொடை இடுக்கில் எரிச்சல். சிறுநீர் போனால் உயிர் போகிறது. பக்கத்து வீட்டு ரஞ்சிதா சூடுதான் என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். மூக்கண்டப்பள்ளியில் எந்த நோய்க்கும் காரணம் சூடு, இல்லாவிட்டால் தண்ணீர். எனக்கும் அப்படியே நம்பிக்கொள்ள ஆசை.

மார்ச் 5, புதன்

லீவு போட்டேன். கதவைச் சாத்திவிட்டுக் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது.

சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள், கொத்தாக. இரண்டு உடைந்து புண்ணாகியிருக்கிறது. அங்கேயா? எனக்கா? கம்பெனியில் மற்றவர்கள் விட்ட தப்பைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இந்தத் தப்பு யாருடையது?

ஆனந்த் இரண்டு மாதம் புனேயில் ட்ரெயினிங் இருந்துவிட்டு வந்தவன். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நினைக்கவே பயமாக இருக்கிறது, நினைக்காமலும் இருக்க முடியவில்லை. அவனைக் கட்டிக்கொள்வதற்காகச் சூளகிரியில் அப்பாவோடு சண்டை போட்டு வந்தவள் நான். இனி இந்தப் பக்கம் வராதே என்றார். இங்கேயும் இல்லை என்றாகிவிட்டால் எங்கே போவேன்?

மார்ச் 6, வியாழன்

ஆனந்த் விடவில்லை. என்ன, என்ன என்று ஒரே கேள்வி. வாயில் வந்ததைச் சொன்னேன்: அக்கி, இடுப்புக்குக் கீழே. அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. பாயை எடுத்துத் தனியாகப் போட்டுக்கொண்டான். அக்கி மரியாதையான நோய். நல்லவர்களுக்கும் வரும். தப்பித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

தப்பிக்கவில்லை. அவன் அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டான். கொப்புளத்தின்மேல் காவி எழுதாமல் அக்கி இறங்காதாம். அத்தை கோவில்பட்டியிலிருந்து காவிக்கட்டியோடு பஸ் ஏறிவிட்டார்.

மார்ச் 8, சனி

அத்தை வந்ததும் கைகால்கூட அலம்பாமல் காவியைக் கரைத்தார். கோழி இறகையும் ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். அந்த இடத்தில் ஆண்பிள்ளை எழுதக் கூடாதென்று, எழுதும் விதத்தை, அக்கி எழுதுகிற ஊர் வேளாரிடம் கேட்டுக்கொண்டு வந்தாராம். பாசம்தான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஆறிவிட்டது அத்தை என்றேன். என் நடையே காட்டிக் கொடுத்தது. ஆனந்த் ஷிஃப்டுக்குக் கிளம்பியதும், "வெக்கப்படாம காட்டு தாயி" என்றார். காட்டினேன்.

இறகைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டார்.

"இது அக்கி இல்லயே."

என் முகத்தைப் பார்க்காமல், "யாரு?" என்று கேட்டார்.

யாருன்னா நான் என்ன சொல்றது? உங்க பையனையே கேளுங்கன்னு தொண்டை வரைக்கும் வந்துச்சி. வெளிய வரல. அழுகைதான் வந்துச்சி. கம்பெனி பாத்ரூம்ல ஒட்டிக்கிட்டிருக்கும்னு உளறினேன். நானே நம்பாததை அவங்க எப்படி நம்புவாங்க?

மார்ச் 9, ஞாயிறு

அத்தை காலையிலேயே போய்விட்டார். மகனிடம் என்ன சொன்னாரோ, அவன் எனக்கு முகம் கொடுக்கவில்லை. துண்டு, சோப்பு, பக்கெட் எல்லாவற்றையும் பிரித்து வைத்தேன். பாத்ரூமில் பினாயிலைக் கொட்டிக் கொட்டிக் கழுவினேன். எய்ட்ஸாக இருக்குமோ? செத்துடுவேனா?

மார்ச் 10, திங்கள்

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன், தனியாக. பெண் டாக்டர். பார்த்ததும் சொன்னார்: பிறப்புறுப்பில் வரும் ஹெர்பிஸ். அக்கிக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் வேறு கிருமி. புண்ணிலிருந்து பஞ்சில் ஒற்றியும் எடுத்துக்கொண்டார். கழிப்பறையிலோ துண்டிலோ இது ஒட்டாதாம். தோலோடு தோல் படும்போது பரவும், சில சமயம் புண்ணே தெரியாதபோதும். மாத்திரையில் புண் ஆறும், கிருமி நரம்பில் தங்கிவிடும். மறுபடி வரலாம், இவ்வளவு கடுமையாக இருக்காது. முழுசாக ஆறும்வரை சேரக் கூடாது. பிறகும் ஆணுறை போட்டால் ஆபத்து குறையும், அறவே போகாது. எச்ஐவி, சிஃபிலிஸ் சோதனை இரண்டு பேரும் செய்துகொள்ள வேண்டும்.

யாரிடமிருந்து வந்தது என்று கேட்டேன். எந்தச் சோதனையும் அதை அடித்துச் சொல்லாது, சிலருக்கு வருஷக்கணக்காக வெளியே தெரியாமலே இருக்கும் என்றார். பிறகு ஏதோ யோசித்தவர் போல, "வீட்டுக்காரருக்கு உதட்டுல கொப்புளம் வருமாம்மா?" என்றார்.

வரும். சின்ன வயதிலிருந்தே, வெயில் ஏறினால். போன மாதக் கடைசியில்கூட வந்தது.

அந்தச் சமயம் வாய் அங்கே பட்டதா என்று கேட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். அப்படியும் வரும் என்றார். உதட்டுக் கொப்புளக் கிருமி நிறையப் பேருக்குக் குழந்தையிலேயே யாரோ கொடுத்த முத்தத்தில் வந்துவிடுகிறதாம்.

வரும் என்றுதான் சொன்னார். அதுதான் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் இதையே போட்டுக் குழப்பிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஆனந்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். உதட்டைத் தடவிக்கொண்டே கேட்டான்:

"எம்மேல சந்தேகப்பட்டியா?"

"பட்டேன்."

"நானும் ஒம்மேல பட்டேன்."

புனேயில் ஒன்றும் நடக்கவில்லை என்றான். நம்பினேனா? பாதி. அவன் நம்பினானா? கேட்கப் பயந்து கேட்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

சேர்ந்து போய் ரத்தம் கொடுத்தோம். எச்ஐவி இல்லை, சிஃபிலிஸ் இல்லை. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம். இரண்டு பேருமே வாய்விட்டு மூச்சு விட்டோம்.

மார்ச் 18, செவ்வாய்

பொருக்கு உதிர்கிறது. வேலைக்குப் போனேன்.

மார்ச் 24, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பஞ்சில் எடுத்ததன் முடிவை வாங்கினோம். பெரும்பாலும் வாயில் வருகிற வகை. யார் வாயிலிருந்தும் வந்திருக்கலாம்; அது அவனுக்குச் சாட்சி ஆகாது, எனக்கும் ஆகாது என்று தெரிந்துதான் இருவரும் வீடு வந்தோம்.

வந்ததும் ஆனந்த் அவன் அம்மாவுக்குப் போன் போட்டான். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். என்ன சொல்லப் போகிறான்?

"எம்மா, அது என்ட்ட இருந்துதான் அவளுக்கு வந்துச்சு. என் ஒதட்டுக் கொப்புளம். அவள ஒண்ணும் நெனச்சிராத."

கதவு திறந்திருந்தது. ரஞ்சிதா வீட்டு வாசலில் ஆட்கள் இருந்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

அத்தை போனை வைத்துவிட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். பிறகு ஆனந்த் உள்ளே வந்து போனை என்னிடம் நீட்டினான்.

"வலி கொறஞ்சிட்டா தாயி?" என்று கேட்டார் அத்தை.