செவ்வாய்க்கிழமை வேதபாடமும் எதிர்க்கடை ஹாரனும்

மார்ச் 3, திங்கள்

என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பல் டாக்டர் இன்றைக்கும் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தார். பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதால் இன்று டைரி எழுத ஆள் இருக்கிறது.

சாயங்காலம் நாத்தனார் வந்தார். வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் குடும்பத்துக்கு ஆன்மீக இன்ஸ்பெக்டர். வந்ததும் அலமாரியிலிருந்த வேதப் புத்தகத்தை விரலால் தடவி, தூசியை என்னிடம் காட்டினார். அவர் வீட்டில் செவ்வாய்தோறும் வேதபாடம் நடக்கிறதாம். நாளையிலிருந்து நான் வந்தே தீர வேண்டுமாம்.

"அண்ணி, நான் தினமும் ஜெபம் பண்றவதான். வண்டியில பக்கத்துல உக்காந்து பாருங்க, தெரியும்."

"'ஆண்டவரே, பிரேக்கு பிரேக்கு'ன்னு கத்துறதுக்குப் பேரு ஜெபம் இல்லம்மா."

வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரார் கண்ணையெல்லாம் சோதிப்பவர், அக்காவைப் பார்த்ததும் தன் கண்ணை மூடிக்கொள்வார்.

சரி, போய்த் தொலைக்கிறேன். அண்ணியோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

மார்ச் 4, செவ்வாய்

போனேன். வட்டமாக நாற்காலி, நடுவில் பிஸ்கட் தட்டு. பாடம் நடத்துபவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எல்லோரும் கணக்கு சார் என்கிறார்கள். தினமும் ஆதியாகமத்தில் ஒரு பகுதி, கூடவே ஒரு சங்கீதம், வீட்டிலேயே படித்துவர வேண்டும். செவ்வாயன்று அதைப் பற்றிப் பேச வேண்டும். வீட்டுப்பாடம்! இந்த வயதில்!

எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தது. வீட்டுக்காரர் கண்ணைச் சோதித்து, வெள்ளெழுத்து என்றார். வேதத்தால் எனக்குக் கிடைத்த முதல் பலன், ஒரு கண்ணாடி.

மார்ச் 11, செவ்வாய்

ஆபிரகாம் தன் பெண்டாட்டி சாராளைத் தங்கை என்று சொல்லி ராஜாவிடம் விடுகிறார். கொஞ்சம் கழித்து இன்னொரு ராஜாவிடமும் அதே கதை. நான் கையைத் தூக்கினேன். "சார், முதல் தடவை சொன்னா பயம்னு வெச்சுக்கலாம். ரெண்டாவது தடவையும் சொன்னா அது பழக்கம் இல்லையா? சாராள் ஏன் அந்தாள் தலையில ரெண்டு போடல?"

நாத்தனார் பிஸ்கட்டைக் கடித்தவர் மெல்ல மறந்துவிட்டார். கணக்கு சார் மட்டும் சிரித்தார். "நல்ல கேள்வி. இவங்கள்லாம் யோக்கியங்கன்னு வேதம் எங்கேயும் சர்டிபிகேட் குடுக்கல. படிங்க, இன்னும் மோசமா வரும்."

இன்னும் மோசமா வருமா? அப்படியென்றால் படிக்கலாம்.

மார்ச் 18, செவ்வாய்

நாசமாப் போக. ஹாரன் வந்திருக்கான்!

வேதபாடத்துக்கு. நாத்தனார் வீட்டு ஹாலுக்கு. எனக்கு நேர் எதிர் நாற்காலிக்கு. தெருவில்தான் எதிரில் என்றால் இங்கேயுமா?

நிதானமாக எழுதுகிறேன். என் டிரைவிங் ஸ்கூலில் ஒன்பது வருஷம் வேலை பார்த்த ஆள். ஸ்டியரிங் பிடிக்கவே நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஒரு நாள் "மேடம், உடம்பு முடியல, ஓய்வு வேணும்" என்று விலகினான். அடுத்த மாதமே எனக்கு எதிர்ச்சாரியில் கடை போட்டான், என்னுடையதைவிடப் பெரிய போர்டு மாட்டி. கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். என் வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஒரு ஹாரன் அடிப்பான். மரியாதைக்காம். அதனால்தான் அந்தப் பெயர்.

வந்தவன் "ஸ்தோத்திரம் மேடம்" என்றான். கையில் தேய்ந்துபோன வேதம். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. இதிலும் என்னை முந்திவிட்டான்.

சமையலறையில் நாத்தனாரைப் பிடித்தேன். "அண்ணி, ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?"

"வேதம் உன் கடையாம்மா? எல்லாருக்கும்தான்."

மார்ச் 19, புதன்

படிக்கவில்லை. கோபம்.

ஏப்ரல் 2, புதன்

சங்கீதங்களில் இவ்வளவு சாபம் இருக்கிறது என்று எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? சர்ச்சில் புல்வெளி, தண்ணீர், மேய்ப்பன் என்று மெத்தென்ற பாகத்தையே வாசித்து ஏமாற்றிவிட்டார்கள். இங்கே ஒருத்தர், என் எதிரிகளின் பல்லைத் தகர்த்துப்போடும் என்று கடவுளிடம் நேராகக் கேட்கிறார். நத்தை மாதிரி கரைந்து போகட்டும் என்கிறார். என்ன ஒரு கற்பனை!

காலையில் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்து சத்தமாகவே வாசித்தேன். பல் டாக்டர் வகுப்புக்கு வந்து, பல் உடைகிற இடத்தில் ஆர்வமாகக் கேட்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

தெருவைப் பார்த்துச் சாபம் வாசித்ததை வேதபாடத்தில் பெருமையாகச் சொன்னேன், பெயர் சொல்லாமல். ஹாரன் தலையைக் குனிந்துகொண்டான்.

கணக்கு சார் சொன்னார்: "அவ்வளவும் கேக்குறாரு, ஆனா யார்கிட்ட கேக்குறாரு பாருங்க. தானே சுத்தியலைத் தூக்கிட்டுப் போகல. கோபத்தைக் கொண்டுபோய்க் கடவுள் மடியில கொட்டிட்டு வந்துடறாரு. கொட்டினதுக்கு அப்புறம் அது அவர் பாடு."

இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். எனக்குச் சுத்தியல் பிடித்திருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒரு விஷயம். இப்போதெல்லாம் காலையில் காபிக்கு முன்னால் கை தானாகவே கண்ணாடியைத் தேடுகிறது. யோசேப்பை அண்ணன்மார் குழியில் போட்ட இடத்தில் நிறுத்த முடியாமல் மேலும் மூன்று அதிகாரம் படித்துவிட்டேன். தோசை தீய்ந்தது. பக்தி என்று சொல்ல மாட்டேன். சீரியல் பார்க்கிற மாதிரிதான்.

அப்படித்தானா?

மே 9, வெள்ளி

இன்று ஒரு விபத்தைக் கண்ணால் பார்த்தேன்.

மதியம் பல் டாக்டரோடு பெரிய சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தேன். குறுக்குச் சாலையில் பச்சை. அதில் ஹாரனின் பயிற்சி வண்டி வந்தது, ஒரு கல்லூரிப் பெண் ஓட்ட, ஹாரன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க. அழகாக, மெதுவாக வந்தாள். எங்களுக்குப் பக்கத்துத் தடத்தில் ஒரு பார்சல் வேன் வந்து, சிவப்பை மதிக்காமல் நேராகப் பாய்ந்தது. இடித்த நொடியில் ஹாரன் அந்தப் பெண்ணின் முன்னால் தன் கையை நீட்டி மறித்ததைப் பார்த்தேன். பிரேக்கையும் மிதித்திருந்தான். இல்லாவிட்டால் அவள் பக்கமே நொறுங்கியிருக்கும்.

அவளுக்கு மணிக்கட்டு முறிவு. அவனுக்குத் தோள்பட்டை எலும்பு. ஆம்புலன்ஸ் வரும்வரை நின்றேன். பல் டாக்டர் சத்தம் வருவதற்கு முன்பே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். எதையுமே பார்க்கவில்லை.

மே 13, செவ்வாய்

ஹாரனின் ஸ்கூல் லைசன்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வேன்காரன், பயிற்சி வண்டிதான் சிவப்பில் வந்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. சந்திப்பில் இருந்த கேமரா எப்போதோ செத்துவிட்டது. அவள் அப்பா, பயிற்சியாளர் போன் பேசிக்கொண்டிருந்தார் என்று ஊரெல்லாம் சொல்கிறார்.

இன்று அவன் வேதபாடத்துக்கு வரவில்லை. சார் ஆதியாகமத்தை முடித்து யோனாவை ஆரம்பித்தார். குட்டிப் புத்தகம், நாலே அதிகாரம். அப்பாடா.

மே 15, வியாழன்

அவனிடம் கற்றுக்கொண்டிருந்தவர்கள் வரிசையாக என்னிடம் வருகிறார்கள். இன்றைக்கு மட்டும் ஐந்து பேர். காலை வகுப்பு நிரம்பிவிட்டது. கர்த்தர் நல்லவர்!

அவர்தான் செய்தாரா என்று கேட்காதே. சும்மா எழுது.

மே 16, வெள்ளி

யோனாவைப் படித்தேன். பெரிய மீன் ஒன்று ஆளை விழுங்குகிற கதை என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்! மீன் சும்மா வந்து போகிற ஆள். எதிரி ஊர் அழியும் என்று நம்பி, நல்ல இடம் பார்த்து, நிழல் போட்டு, வேடிக்கை பார்க்க உட்கார்ந்த ஒரு தீர்க்கதரிசியின் கதை. கடவுள் மன்னித்துவிட்டார், ஊர் அழியவில்லை. உடனே செத்துப்போகிறேன் என்று அடம் பிடிக்கிறார்.

பிடிக்கவில்லை. இது என்னைப் பற்றியது இல்லை. நான் ஒன்றும் தீர்க்கதரிசி கிடையாது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள்.

மே 18, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன், அன்று பார்த்ததை முழுசாக.

"அப்ப போய்ச் சொல்லிடு."

"அவ்ளோதானா? அவன் எனக்குப் பண்ணினது?"

"அதையும் சொல்லணும்னா சொல்லு. ஆனா வேன் சிவப்புல வந்தது மாறாதே."

இந்த மனுஷனுக்கு ஏன் திடீரென்று பார்வை தெளிவானது?

யாருமே என்னைக் கேட்கலையே. போலீஸ் கேட்கல, அதிகாரி கேட்கல. நான் பொய் சொல்லல. வாயைத் திறக்கல, அவ்ளோதான். வாயைத் திறக்காம இருக்கிறது தப்பா? காலையில் வேதத்தைத் திறந்து உட்கார்ந்து, "சும்மா இருங்களேன்" என்று கடவுளிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அதுதான் எரிச்சல்.

மே 20, செவ்வாய்

ஹாரன் வந்தான். கையைக் கழுத்தோடு கட்டுப்போட்டுத் தொங்கவிட்டிருந்தான். முகம் வாடி, சவரம் பண்ணாமல். புத்தகத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பக்கம் புரட்ட முடியவில்லை. நாத்தனார் என்னைப் பார்த்தார்.

"நீ கொஞ்சம் பக்கத்துல உக்காந்து பிடிச்சுக்கோம்மா."

அவனுடைய வேதத்தை என் மடியில் வைத்துப் பக்கம் புரட்டினேன். யோனா நாலாம் அதிகாரம். வேறு அதிகாரம் கிடைக்கவில்லையா இன்றைக்கு?

வாசித்து முடித்ததும் ஹாரன் கேட்டான், "சார், அப்புறம் யோனா என்ன பண்ணினாரு?"

"எழுதல. கடவுள் ஒரு கேள்வி கேக்குறாரு, 'இத்தனை ஜனங்களுக்காக நான் பரிதாபப்படக் கூடாதா?'ன்னு. பதில் இல்லாமலே புத்தகம் முடியுது."

 பிறகு அவன் தன் பாட்டுக்குச் சொன்னான், "ஸ்கூல் போனா போகுது சார். அந்தப் பொண்ணு இனிமே வண்டியைத் தொடவே மாட்டேங்குதாம். தன்னாலதான் ஆச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. நல்லா ஓட்டின பொண்ணு சார்."

பக்கம் புரட்டுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். தப்பே செய்யாத ஒரு பெண், தான் செய்ததாக நினைத்து அழுதுகொண்டிருக்கிறாள். அவள் விளக்கு பச்சை என்று தெரிந்த ஒரே ஆள் நான். அவன்மேல் இருக்கிற கடுப்பில் அவள் ஒருத்தி இருப்பதே எனக்குத் தெரியவில்லையே.

மே 21, புதன்

லைசன்ஸ் ஆபீசுக்குப் போனேன். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவர் உங்களுக்குப் போட்டியாச்சே மேடம்?"

"ஆமா சார். அதனாலதான் வர இவ்ளோ நாளாச்சு."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பார்த்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படியே அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போனேன். அவள் அப்பா கதவைப் பாதிதான் திறந்தார். "உங்க பொண்ணுக்குப் பச்சைதான் சார் இருந்துச்சு. போனெல்லாம் யாரும் பேசல. நான் பார்த்தேன்" என்றேன். உள்ளிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். "நிஜமாவா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.

நல்ல காரியம் செய்தால் மனசு லேசாகும் என்கிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான் இருந்தது. வழியில் ஆண்டவரிடம் சொன்னேன்: சொன்னதைச் செஞ்சுட்டேன், சந்தோஷமா செய்யணும்னு எதிர்பார்க்காதீங்க.

ஜூன் 6, வெள்ளி

வேன்காரன் ஒத்துக்கொண்டான். ஹாரனுக்கு லைசன்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டது. என்னிடம் வந்தவர்களில் மூன்று பேர் "சாரி மேடம்" என்று அந்தப் பக்கம் போய்விட்டார்கள். எதிரில் ஷட்டர் தூக்குகிற சத்தம். படபடவென்று, ஊருக்கே கேட்கிற மாதிரி.

ஜூன் 9, திங்கள்

ஹாரன் என் கடை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. என் பழைய வண்டியையே ரொம்ப நேரம் பார்த்தான். 

"மேடம்... கிளட்ச் கருகுற வாசம் வருது. என் மெக்கானிக்கை அனுப்பறேன்."

"அனுப்பு."

"அன்னைக்கு உடம்பு முடியலன்னு சொல்லிட்டுப் போனது..." என்று ஆரம்பித்தான்.

"எனக்கு வகுப்பு இருக்கு" என்று எழுந்துவிட்டேன்.

மன்னித்துவிட்டேனா? இல்லை. அந்தப் பாடம் இன்னும் வரவில்லை.

ஆனால், எழுந்து வந்திருக்க வேண்டாம்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் ஆண்டவரிடம் ஒரு சண்டை. என்ன என்பது எங்களுக்குள்.

ஜூலை 8, செவ்வாய்

நல்ல மழை. தெருவெல்லாம் தண்ணீர். நாத்தனார் வீட்டில் போய் நின்றால் நாற்காலிகள் காலி. கணக்கு சாருக்குக் காய்ச்சலாம். மற்றவர்கள் வரவில்லை. நாத்தனாரோ கூரை ஒழுகுகிற இடத்தில் வாளி வைக்க மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். ஈரம் சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தது இரண்டே பேர். நானும் எதிர்க்கடைக்காரரும்.

கிளம்பிவிடலாமா என்று இருவருமே கதவைப் பார்த்தோம். யாரும் எழுந்திருக்கவில்லை.

"அப்ப படிச்சிரலாமா மேடம்?"

ஆளுக்கு ஒரு வசனமாக வாசித்தோம். அவர் அவசரமாக வாசிக்கிறார், வண்டி ஓட்டவே கற்றுக்கொள்ளாத ஆள் கியர் மாற்றுகிற மாதிரி. இரண்டு தடவை நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். பழைய பழக்கம், இரண்டு பேருக்குமே. அன்றைக்குச் சொல்ல வந்ததை முடிக்கச் சொன்னேன். முழுவதும் சொன்னார். தனியாகக் கடை போடப் போவதை என்னிடம் நேராகச் சொல்லப் பயமாக இருந்ததாம். நான் அப்படிப் பயப்படுத்துகிற ஆளா என்று கேட்டேன். மாடிப்படியிலிருந்து நாத்தனார், "ஆமா" என்றார்.

கடைசியில் ஜெபம். அவர் என் ஸ்கூலுக்காக ஜெபம் பண்ணினார், வண்டிகளுக்காக, என் முழங்கால் வலிக்காக. அது இவருக்கு எப்படித் தெரியும்? அடுத்து என் முறை.

"ஆண்டவரே," என்றேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "இவர் தொழிலும் நல்லா நடக்கட்டும். நிறையப் பேர் வரட்டும். பொறுமையா கத்துக்குடுக்கறவர்தான். முடிஞ்சா, வேற தெருவுல நடக்கட்டும்."

ஆமென் என்று இருவருமே சொன்னோம். அவர்தான் சத்தமாகச் சொன்னார்.