டெலிபோனில் பாப்பா சொன்னது

ராய்ப்பூர்,
12.8.1984

அன்புள்ள வசந்தாமணிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?

அரிசி மில்லிலிருந்து நீ ட்ரங்க் கால் போட்டு, "ஏனுங்க, பாப்பா மொதமொதல்ல பேசறா, கேளுங்க!" என்று கத்தியது நன்றாகக் கேட்டது. அவள் பேசியதுதான் கேட்கவில்லை. "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று சிரித்துவைத்தேன். ஏழு வருடமாக போர்வெல் ரிக்கின் கம்ப்ரசர் பக்கத்திலேயே நிற்கிறேன் அல்லவா, சின்னக் குரலெல்லாம் காதில் ஏறுவதில்லை. பயப்படாதே, வேலைக்கு இடைஞ்சலில்லை.

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லையே என்று தினமும் அவள் நாக்கில் வசம்பு தடவினாயே, இனி வேண்டாம். என்ன சொன்னாள் என்று மட்டும் எழுது.

தபால் கொண்டுபோகும் லாரி கிளம்புகிறது. நான் ஊருக்கு வந்ததும், அவள் கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால், சட்டையைப் பிடித்து இழுக்கச் சொல்லிக்கொடு.

ராசப்பன்