படிக்கும் பெட்டிக்கு வைத்த பொட்டு

அன்பு மாதப்பா,

நூலகத்தின் படிக்கும் பெட்டி கெடவே இல்லை. கெட்டுவிட்டது என்று சொல்லி உன்னை எட்டு மாதம் திருப்பி அனுப்பினார்கள். கேட்டுக் கேட்டே நீ போய்ச் சேர்ந்தாய். உனக்கு நடந்த அநியாயம் இதுதான். மழுப்பிச் சொல்ல எனக்கு வராது.

வீட்டில் நம் இருவருக்குமே பார்வையில்லை. வந்த கடிதத்தைப் படிக்கக்கூட அடுத்த வீட்டாரைக் கெஞ்சினோம். புத்தகத்தை விரித்து அடியில் வைத்தால் உரக்கப் படிக்கும் அந்தப் பெட்டி வந்ததும், "அக்கா, இனி யார் வாயையும் பாக்க வேண்டாம்" என்றாய். ஒரு சாதாரண செல்போன் விலைதானாம். காவிரி அணைகளைப் பற்றிய தடித்த புத்தகத்தை நாளுக்கு நாலு பக்கம் கேட்டு வந்து எனக்கும் சொன்னாய்.

தசரா விடுமுறைக்குப் பிறகு, "எழுத்து தெரியவில்லை, பக்கத்தைச் சரியாக வைக்கவும்" என்பதையே அது திரும்பத் திரும்பச் சொன்னது. உன் கை நடுங்குகிறது என்று பழியை நீயே ஏற்றுக்கொண்டாய். அவர்கள் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

போன திங்களன்று உன் உறுப்பினர் அட்டையைத் திருப்பித் தரப் போனேன். பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

"முட்டபேடி அஜ்ஜி! தொடாதீங்க பாட்டி, கவர்மென்ட் சாமான்" என்று பதறினார் நூலகர். "கெட்டுப்போச்சு. ரிப்பேருக்கு பெங்களூர் அனுப்பணும்."

"எத்தனை மாசமா அனுப்பறீங்க? நடந்தே போயிருந்தாக்கூட இந்நேரம் திரும்பி வந்திருக்குமுங்க."

யாரோ சிரித்தார்கள். அலமாரி திறந்தது. பிரெய்லை யாரும் சொல்லித்தராமல் தடவித் தடவிக் கற்ற விரல் என்னுடையது. பெட்டியின் உச்சியில் கேமராக் கண்ணாடியைத் தேடினேன். மேலே ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டி முகர்ந்தேன். சந்தனம். ஆயுத பூஜையன்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர்கள், இதற்குக் கண்ணிலேயே வைத்திருக்கிறார்கள்!

முந்தானையை நனைத்துத் துடைத்துவிட்டு, உன் புத்தகத்தை வைத்தேன். படித்தது, மாதப்பா. கூடம் முழுக்கக் கேட்டது.

"வேணும்னேவா பண்ணோம், அஜ்ஜி? பக்தியில வச்சது" என்றார் நூலகர்.

"சாமி கும்பிட்டது தப்பில்லீங்க. எட்டு மாசமா ஒருத்தரும் அதைத் திரும்பிப் பாக்கலையே, அதுதானுங்க தப்பு."

"சரி, பத்திரமா இருக்கட்டும்" என்று மறுபடியும் பூட்டினார். நீ காத்திருந்தபோதும் அது பத்திரமாகத்தானே இருந்தது?

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன், எல்லோரும் கேட்கட்டும். நூலகர் அதை வாசிப்புக் கூடத்து மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். கெட்டது என்று எழுதும் முன், அதைப் பயன்படுத்துகிற ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அவருக்கு மேலே இருப்பவர்கள் பக்கத்து ஊர்களான சாமராஜநகர், ஹனூர் நூலகங்களுக்கும் ஒவ்வொன்று வாங்கித் தர வேண்டும். விலையைக் காரணம் சொல்ல இனி முடியாது. நூலகத்துக்கு வரும் பார்வையுள்ளவர்கள் பூட்டைக் கண்டால் வாய் திறக்க வேண்டும். பூட்டுத் திறக்கும்வரை நான் தினமும் அந்த அலமாரி முன் உட்கார வேண்டும். உட்காருவேன், இது வாக்கு.

நீ செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, தம்பி. நீ கேட்டது போதும்.

உன்னோடு பிறந்தவள்,
ருத்ரம்மா அக்கா